பாதிச் சுவர்

ஸ்ட்ரெச்சரின் பின்சக்கரம் கோணிக்கொண்டது. அவன் அதைக் காலால் நேராக்கித் தள்ளினான். மனைவி கண்ணைத் திறக்கவில்லை.

“மெதுவா ஓட்டுங்க. லைசென்ஸ் இருக்கா?” என்றாள்.

அவள் பேசியது அதுதான் கடைசி. ஸ்கேன் அறைக்குள் அவனை விடவில்லை.

“தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. எப்ப விழுந்தாங்க?” என்று டாக்டர் கேட்டார்.

“நேத்து மத்தியானம் சார். பெயிண்ட் அடிக்கறப்ப, ஏணியிலேருந்து.”

“உடனே கூட்டிட்டு வரலையா?”

“எந்திரிச்சு நடந்தா சார். வீட்டுக்கு வந்து சமைச்சா. தலைவலின்னு படுத்தா.”

டாக்டர் ஸ்கேன் படத்தை உறைக்குள் வைத்தார். ஆபரேஷனுக்குப் பெரிய டாக்டர் வரவேண்டும், வெளியே இருங்கள் என்றார்.

பெஞ்சில் பட்டியக்கா இருந்தாள். மனைவியோடு வேலை செய்பவள். பெயிண்டுக்கு முன்னால் சுவருக்குப் பட்டி பூசுவதால் அந்தப் பெயர்.

“இறங்கி ஏணியை நகர்த்த யாருக்குப் பொறுமை இருக்கு தம்பி? விரிச்சு வெச்ச ஏணி மேல நின்னுக்கிட்டே இடுப்பை ஆட்டி நகர்த்துவோம். எல்லாரும் அப்படித்தான். நேத்து ஏணியோட ஒரு கால் வழுக்கிடுச்சு.”

“அப்பவே வீட்டுக்கு அனுப்பியிருக்கலாமே அக்கா.”

“போடின்னு கத்தினேன். ‘எனக்கென்ன, தரைக்குத்தான் வலிச்சிருக்கும்’னு சிரிக்கிறா. திரும்ப ஏறிட்டா.”

“ஏறினாளா? எதுக்கு?”

“சுவர் பாதியில நிக்குதே. ஈரம் காயறதுக்குள்ள முடிக்கலைன்னா நடுவுல கோடு விழுந்துடும்.”

“விழுந்தா?”

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள்.

“அசிங்கமா இருக்காதா?”

அவன் கல்லூரியில் படித்தவன். எத்தனையோ சுவர்களுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறான். அப்படி ஒரு கோட்டைப் பார்த்த நினைவில்லை. இப்போது எதிர்ச் சுவரைப் பார்த்தான். ஜன்னலை ஒட்டி மேலிருந்து கீழ்வரை ஒன்று இறங்கியிருந்தது. யாரோ பாதியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பட்டியக்கா டீ வாங்கப் போனாள். அவள் போனதும் டாக்டர் வந்தார். ஆபரேஷன் வரை உயிர் தாங்கவில்லை என்றார். அவன் “சரி சார்” என்றான்.

மூன்று காகிதக் கப்புகளை நெஞ்சோடு அணைத்தபடி பட்டியக்கா திரும்பி வந்தாள்.

“அவளுக்கும் சேர்த்து வாங்கிட்டேன். முழிச்சதும் டீயைத்தான் கேப்பா. டாக்டர் வந்தாரா தம்பி?”

“உக்காருங்கக்கா. முதல்ல குடிங்க.”

அவள் ஊதி ஊதிக் குடித்தாள். அவன் மூன்றாவது கப்பைத் தன் பக்கம் இழுத்து, ஆறிவிடாமல் அதன்மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டான்.