மட்டம் இழுத்த மணல்

ரசலையன் உள்ளே கால் வைப்பதற்குள் சுபிதா அழுது முடித்திருந்தாள். மூக்கு மட்டும் சிவந்திருந்தது. தாவரப் பூங்காவின் பூமி அறை நடுவே அவள் பொறுப்பில் இருந்த மணல் மேசையில், நேற்று மாலை அவர் இழுத்த பலகையின் தடம் அப்படியே கிடந்தது. கல்யாண வீட்டு முற்றம்போல மேடு பள்ளம் இல்லாத மணல்.

மூன்று நாளாக அவள் அதில் மாவட்டத்தையே செய்து வைத்திருந்தாளாம். கூரையில் தொங்கும் ஒளிப்பெட்டியைப் போட்டால் மணல்மேல் வெளிச்சம் விழும். உயர்ந்த இடம் மலையாகப் பச்சை பிடிக்கும், குழிந்த இடம் குளமாக நீலம் கட்டும். மேலே கையை விரித்துப் பிடித்தால் அந்த வெளிச்சத்திலேயே மழை பெய்யும். தண்ணீர் மலையிறங்கிக் குளம் குளமாக நிறையும். தேக்கரண்டியால் அறுபது குளம் தோண்டியிருந்தாள். பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்க்க வருகிறார்கள்.

நேற்று, துப்புரவு வேலை செய்யும் நேசபாய் அறையைத் தூத்துவிட்டுக் குப்பை கொட்டப் போயிருந்த நேரம், தோட்டத்துக் குழாயைச் சுருட்டி வைக்க வந்தவர் ரசலையன். பெட்டி அணைந்திருந்தது. வெறும் மணல், குண்டும் குழியுமாக. முப்பது வருஷம் கொத்தனாருக்குக் கையாளாக நின்ற உடம்பு. வேலை முடிந்தால் மணலை மட்டம் இழுத்து, தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் கை கழுவ வேண்டும். யாரும் சொல்லாமலே கை பலகையைத் தேடிற்று.

மேசை விளிம்பில் தாள் ஒட்டியிருந்ததையும் பார்த்தார். அதைத்தான் இப்போது நினைக்கவே கூசியது. ஐம்பத்திரண்டாம் வயதில் சர்ச்சு வகுப்பில் எழுத்துப் படித்தவர் அவர். உதட்டை அசைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினால்தான் சொல் வரும். அந்நேரம் பார்த்து இரவுக் காவலுக்கு வந்த அனிஷ் வாசலில் எட்டிப் பார்த்தான். "அண்ணாச்சி வாசிச்சு முடிக்கதுக்குள்ள அடுத்த வருச காலண்டர் வந்திரும்" என்று போன வாரம் எல்லார் முன்னாலும் சிரித்தவன். ரசலையன் தாளை ஒரு பார்வை பார்த்து, படித்தவர்போலத் தலையாட்டினார். அவன் போன பிறகு பலகையை எடுத்தார். அவன் இப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பான்.

"சாவி நேசபாய்க்க கையிலதான் இருந்துது" என்ற மேனேஜர் கோலப்பன், துடைப்பத்தோடு நின்ற அவளிடம் திரும்பினார். "வாசிக்கத் தெரியாத ஆளை உள்ள விட்டது எனக்க தப்பு. திங்கக்கிழமையில இருந்து நீ வரண்டாம்."

"நான் தரையத்தான் தூத்தேன், சாரே. மண்ணத் தொடல்ல."

"விடுங்க சார்" என்றாள் சுபிதா. "பாவம், தெரியாமத்தான் செஞ்சிருப்பாங்க."

தனக்கு வர வேண்டிய இரக்கம் அடுத்தவள் தலையில் விழுவதை ரசலையன் பார்த்துக்கொண்டு நின்றார். 

நேசபாய் அழவில்லை. அந்தத் தாளை உரித்தெடுத்து அவரிடம் நீட்டினாள். "அண்ணே, நீங்க வாசிக்கத் தெரிஞ்ச ஆளுல்லா. இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க. எதுக்குப் போறேன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

அவர் தாளை வாங்கிக் கண்ணருகே பிடித்தார். உதடு அசைந்தது. "இ... து... நம்ம... ஊரு." வியர்த்தது. "க... லை... கலைக்... காதீங்க."

அந்தத் தாளை அவர் இப்போதுதான் முதன்முதலாக வாசிக்கிறார் என்பது கேட்டாலே தெரிந்தது. சுபிதா நிமிர்ந்து அவரையே பார்த்தாள்.

வெளியே பஸ் வந்து நின்றது. பிள்ளைகள் மேசையைச் சுற்றி நெருங்கினார்கள். வேறு வழியில்லாமல் கோலப்பன் பெட்டியைப் போட்டார். மேசை முழுக்க ஒரே பச்சை. இரட்டைச் சடை போட்ட ஒரு பிள்ளை கையை விரித்துப் பிடித்தது. மழை பெய்தது.

"சாரே" என்றார் ரசலையன். 

"என்னவே?" என்று திரும்பினார் கோலப்பன்.

இறங்க மலையில்லாமல், தங்கி நிற்கக் குளமில்லாமல், தண்ணீர் நாலாபக்கமும் மெல்லப் பரந்து, விளிம்பைப் பிடித்திருந்த ரசலையனின் விரல்மேல் நீலமாக ஏறியது. அவர் கையை எடுக்கவில்லை.