பலாமரத்துப் பைகள்

இன்று மாலைக்குப் பிறகு உலகத்தில் எந்தப் பெட்டியும் ஒரே வழியை நம்பிப் பிழைக்க வேண்டியதில்லை என்று நவீன்குமார் அறிவித்தான். கேட்டுக்கொண்டிருந்தது அவன் அக்கா ஆனந்தியும், மழை தொடங்கியதிலிருந்து காயாமல் தொங்கும் ஒரு போர்வையும். போர்வை மறுப்பேதும் சொல்லவில்லை.

"இன்னா பெட்டிடா?" என்றாள் ஆனந்தி, மருந்துப் பையை அடுக்கியபடி. நெல்லிவாசல்நாட்டின் கிராம நர்ஸ் அவள். பெங்களூரு கம்பெனி வேலையை மலையிலிருந்தே பார்க்கிறேன் என்று அவளுடைய குவார்ட்டர்ஸுக்கு வந்தவன்தான் நவீன்.

அவன் நிதானமாக விளக்கினான். கம்ப்யூட்டர்களில் வேலைகளெல்லாம் கண்டெய்னர் என்ற பெட்டிகளுக்குள் ஓடுகின்றன. ஒவ்வொரு பெட்டியும் ஒரே ஒரு நெட்வொர்க்கோடு பிறக்கிறது. ஊர்ப்பேச்சும் ரகசியமும் அந்த ஒரே சந்தில் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. அவன் எழுதிய ப்ளகின் என்ற ஒட்டு நிரலுக்குப் பெயர் தும்பி. பெட்டி பிறக்கும் கணத்தில் வரும்; இரண்டாவது, மூன்றாவது நெட்வொர்க்கைச் செருகிவிட்டுப் பறந்துவிடும். அங்கேயே உட்கார்ந்து மெமரியைத் தின்னாது.

"பிரசவத்துக்கு வந்துட்டு ஒடனே கெளம்பிடுதா? ஒரு டீ கூட குடிக்காதா?"

"அதான்க்கா லைட்வெயிட்."

"குடுத்து வெச்ச ஜென்மம்" என்று பெருமூச்சு விட்டாள் அக்கா.

அந்த ஊரில் ஒரு போன் கம்பெனியின் சிக்னல் பலாமரத்தில் மட்டும் கிடைக்கும். இன்னொன்றுக்கு மேட்டுப்பாறை ஏற வேண்டும். காலையில் ஜனங்கள் போனை பிளாஸ்டிக் பையில் போட்டு மரக்கிளையில் மாட்டிவிட்டு, சாமைக் கொல்லைக்குப் போய்விடுவார்கள். மணி அடித்தால் மரத்தடியில் இருப்பவர் எடுத்து, உரியவரைத் தேடிப்போய்ச் சொல்ல வேண்டும். அடுத்தவர் போனை எடுப்பது தப்பில்லை. அடிக்கவிட்டு நிற்பதுதான் தப்பு. "மனுசனே கேபிளா ஓடுற ஒரே ஊரு இதுதான்க்கா" என்று நவீன் சிரிப்பான். குவார்ட்டர்ஸுக்குக் கம்பி வழியே இணையம் வந்ததால், அவன் போன் ஒரு நாளும் மரமேறியதில்லை.

சிரிப்பில் சேராத ஒன்றும் இருந்தது. தும்பி ஓடினால்தான் அவன் இங்கே இருக்கலாம். ஓடாவிட்டால் பெங்களூரு அறை. அங்கே ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டு ஜன்னல். இங்கே ஜன்னலைத் திறந்தால் மேகம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து கட்டிலில் உட்காரும். அவன் கால்களை மடக்கி அதற்கு இடம் கொடுப்பான்.

தும்பியில் கடைசிவரை ஒரு கோளாறு இருந்தது. இரண்டாவது வழியில் வந்த கேள்விக்குப் பதில் முதல் வழியில் கிளம்பி, எங்கோ காணாமல் போனது. அதைச் சரிசெய்து மதியம் அனுப்பியிருந்தான். மேனேஜர் சரவணகுமார் இணையத்தில் வந்தார். "டெஸ்ட்ல போட்டாச்சு நவீன். முடிஞ்சதும் சொல்றேன். ஓடலைன்னா திங்கட்கிழமை ஆபீஸ்லயே உக்காந்து பாத்துக்கலாம்."

சொல்லி வைத்தாற்போல் காற்று அடித்தது. எந்தக் கிளை எந்தக் கம்பியில் விழுந்ததோ, இணையப் பெட்டியில் சிவப்பு விளக்கு. இனி அவர் போனில்தான் கூப்பிட வேண்டும். நவீன் அடுப்படியில் ஒரு போளூர் ஜவுளிக்கடைப் பையை எடுத்துச் சட்டைக்குள் மறைத்தான்.

"எங்கடா?"

"சும்மா. காத்து வாங்க."

மரம் மேகத்துக்குள் நின்றது. பழம் எது, பை எது என்று தெரியவில்லை. சில பைகளுக்குள் ஏதோ செய்தி வந்து, நீலமாக ஒளிர்ந்து அணைந்தது. மரம் தூக்கத்தில் கண்ணைத் திறந்து மூடுவதுபோல் இருந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டு, தன் பையை ஒரு கிளையில் மாட்டினான்.

உடனே மணி அடித்தது. அவனுடையது அல்ல, பக்கத்துப் பை. கூப்பிட ஆள் தேடினான். ஒருவரும் இல்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தான்.

"ராணிக்கா! ஜீப்பு ரொம்பிடுச்சு, வர்றியா இல்லியா?" ஜீப் ஓட்டும் ராஜவேலுவின் குரல்.

"நான் நவீனுங்க. அவங்க இங்க இல்ல."

"அப்ப போய்ச் சொல்லுப்பா. பொண்ணு பூவிழி ஆலங்காயத்துல ஆஸ்பத்திரில கீது. இத்த வுட்டா காலைலதான் வண்டி. மேட்டுப்பாறையாண்ட நின்னு இன்னொரு போன்ல பொண்ணுக்கு அடிச்சினு இருக்கும், பாரு."

நவீன் தன் பையைப் பார்த்தான். சரவணகுமார் ஒருமுறைக்கு மேல் கூப்பிடும் ஜாதியல்ல. பையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டால் இரண்டடியில் சிக்னல் போய்விடும். கொஞ்சம் நின்றான். பிறகு ஓடினான்.

பாதி மேட்டில், பின்னாலிருந்து அவன் போனின் மணி கேட்டது. கால்கள் நின்றன. மணியும் நின்றது. அவன் பின்னாலேயே வந்து, மேடேறியதைப் பார்த்திருக்க வேண்டும்; கீழே வெண்மைக்குள் அக்காவின் குரல்.

"அலோ... நவீனா? மேட்டுப்பாறைக்குப் போய்க்கீறான். இன்னா சேதின்னு சொல்லுங்க, நான் போய்ச் சொல்லிடறேன்."

அதற்குப் பிறகு அவள் "ம்... ம்..." என்றது மட்டும் கேட்டது. அதிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ராணிக்கா! ஜீப்பு!" என்று நவீன் மேகத்தைப் பார்த்துக் கத்தினான். மேலே பாறையின் உச்சியில், உயர்த்திப் பிடித்த ஒரு சின்ன வெளிச்சம் அவன் பக்கம் மெல்லத் திரும்பியது.