ஜானவாசத்துக்கு எந்த ரகம்?

கீழே எழுதியிருப்பதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யலாம். கபாலி கோயில் குளத்தில் கழுத்தளவு நின்றும் செய்யலாம். குளத்தில் அதற்கு வேண்டிய தண்ணீரும் இருந்தது. மழை அப்படி.

மந்தைவெளி நந்தகுமாருக்கு வயது என்னவென்று சொன்னால் பெண் வீட்டார் இருமத் தொடங்குவார்கள். அவன் ஜாதகம் போய்த் திரும்பாத தெரு சென்னையில் இல்லை. கடைசியாக மேற்கு மாம்பலத்து மேகலா சரி என்று தலையாட்டினாள். மறுநாள் காலை முகூர்த்தம். முதல் நாள் மாலை ஜானவாசம்: மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்காரவைத்து ஊர்வலமாக மண்டபத்துக்கு அழைத்துப் போக வேண்டும். பேசிவைத்திருந்த கார் திறந்த கார் என்பதாலேயே தொட்டியாகிவிட்டது. பின்சீட்டில் இரண்டு கெளுத்தி குடிவந்திருந்தன.

மேகலாவின் பெரியப்பா போனில் வந்தார்.

"இருட்டறதுக்குள்ள மாப்பிள்ளை மண்டபத்து வாசல்ல வந்து எறங்கியாகணும். இல்லேன்னா எம்பிள்ளையோட சிநேகிதன் ஒருத்தன் இங்கேயே டிபன் சாப்பிட்டுண்டிருக்கான். அவனுக்கும் பொண்ணு பாத்துண்டுதான் இருக்கா."

வழி சொன்னவர் நந்தகுமாரின் அக்கா கணவர் கோபால் அத்திம்பேர். அவர் சொல்லை மீறி நந்தகுமார் சட்டைகூட வாங்கியதில்லை. இருவரும் இடுப்பளவு தண்ணீரில் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனார்கள். அங்கே அன்வர் பாஷா படப்பிடிப்புக்கு வண்டிகள் வாடகைக்கு விடுகிறார். அவர் கொட்டகையில் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு சண்டையும் போடுகிற கவச வண்டிகள் வரிசையாக நின்றன. தண்ணீரிலும் போகுமாம்.

பாஷா ஜவுளிக்கடைக்காரரைப் போல ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"இது பழைய ரகம் ஸார். மேல சுத்துற கூண்டு சின்னது, ஒர்த்தர்தான் உக்கார முடியும். பின்னாடி எட்டு பேரு."

"மாப்பிள்ளை பக்கத்துல நான் உக்கார வேண்டாமா?" என்றார் அத்திம்பேர்.

"அப்போ இத பாருங்க. கூண்டு பெருசு, ஜோடியா ரெண்டு பேரு. ஆனா கூண்டு பெருசானதுல பின்னாடி ஒரு சீட்டு போச்சு. ஏழுதான்."

"நாதஸ்வர கோஷ்டியே எட்டு பேராச்சே! அதோ, அந்தக் கனமான வண்டி?"

"அதுக்கு எக்ஸ்ட்ரா தகடு அடிச்சிருக்கு. குண்டு துளைக்காது. வெயிட்டு ஜாஸ்தி, தண்ணில எறங்கினா நேரா அடிக்குப் போய்டும்."

"அது?"

"இஞ்சின் பின்னாடி இருக்கிற ரகம். ஏறி எறங்குறவங்க இஞ்சின் மேல ஏறித் தாண்டணும்."

மடிசாரோடு மாமிகள் தாண்டுவதை அத்திம்பேர் மனக்கண்ணில் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"கூண்டே இல்லாம ஒண்ணு கீது," என்றான் டிரைவர் ஆண்டனி. பட்டினப்பாக்கத்தில் படகு ஓட்டியவன். "ஆம்புலன்சு. மாப்ள ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கினு வர்லாம்."

இரண்டாவது ரகம் முடிவாயிற்று. தாளக்காரர் வீட்டுக்குப் போனார்.

கூண்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பீரங்கிக் குழாய்க்குக் கதம்ப மாலை சாத்தினார்கள். வண்டியின் மூக்கில் ஓர் இரும்புப் பலகை படிந்து கிடந்தது. அத்திம்பேர் அதன்மேல் இரண்டு வாழைமரங்களையும் மணமக்கள் பெயர்ப் பலகையையும் படுத்தவாக்கில் கயிற்றால் இறுக்கிக் கட்டச் சொன்னார்.

"சாமி, தண்ணில எறங்கும்போது இந்தப் பலகைய நிமித்தணும். இல்லாங்காட்டி மூக்கு முங்கிடும்," என்றான் ஆண்டனி.

"மங்களமாக் கட்டினதை நிமித்தறதாவது, அவுக்கறதாவது! நீ ஓட்டு."

நந்தகுமாரே முடிச்சை இன்னொரு முறை இறுக்கினான். சபாரி கோட்டும் மாலையுமாகக் கூண்டில் அத்திம்பேரோடு தோள் உரச நின்றான். ஆழ்வார்பேட்டையில் ஒரு போக்குவரத்துக் காவலர் வண்டியை மறித்துச் சுற்றிப் பார்த்தார். கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டவில்லை என்று தெரிந்ததும் போகவிட்டார். பாண்டி பஜாரில் ஒரு கடைக்காரர் படகில் துரத்திவந்து பீரங்கிக்கு உறை வேண்டுமா என்று கேட்டார். வடிகால் வேலை முடிந்துவிட்டதாக அறிவிக்கும் பலகைகள் வழியெங்கும் மிதந்தன.

ரயில் பாலத்துக்கு அடியில் போகிற துரைசாமி சப்வே வந்தது. உள்ளே கடல். அக்கரையில் மண்டப வாசல்; அங்கே மேகலா, ஆரத்தித் தட்டோடு மாமிகள், கையில் கடிகாரத்தோடு பெரியப்பா. அவருக்குப் பின்னால் ஓர் இளைஞன் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

வண்டி இறங்கியது. மூக்கு முழுகியது. உள்ளே நாதஸ்வரம் குமிழியிட்டது. ஆண்டனி அவசரமாக இரும்புப் பலகையை நிமிர்த்தினான். வாழைமரங்களும் நிமிர்ந்தன. ரயில் பாலத்தில் முட்டி, வண்டி சிக்கிக்கொண்டது.

"கயித்த அறு மாமே!" என்று கத்தினான் ஆண்டனி.

"தொட்டேன்னா, நான் இந்தக் கல்யாணத்துக்கு வரமாட்டேன்!" என்றார் அத்திம்பேர், கூண்டுக்குள் இருந்தபடியே.

அக்கரையிலிருந்து மேகலா கேட்டாள்: "வரேளா, இல்லை நான் உள்ளே போகட்டுமா?"

நந்தகுமார் அத்திம்பேரைப் பார்த்தான். இருட்டப்போகும் வானத்தைப் பார்த்தான். பிறகு காலடியில் இருந்த சீர்த்தட்டின் பழக்கத்தியோடு கூண்டிலிருந்து ஏறிக் குதித்து, கயிற்றை அறுத்தான். வாழைமரங்கள் பெயர்ப் பலகையோடு தெப்பமாக முன்னே போய்ச் சேர்ந்தன. மாமிகள் பழக்கதோஷத்தில் அதற்கு ஆரத்தி எடுத்துவிட்டார்கள். பின்னால் வண்டி கரையேறியது. மாலை போட்ட பீரங்கி தன் பக்கம் திரும்பியதும் பெரியப்பா இரண்டு கையையும் தூக்கிவிட்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அத்திம்பேர் பந்திக்கு முதல் ஆளாக உட்கார்ந்தார்.

கற்பூரம்தான் அணைந்துவிட்டதே, இனி உண்மையைச் சொல்லலாம்: நந்தகுமாருக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. போன வாரம்கூட நங்கநல்லூரில் ஒரு ஜாதகம் கொடுத்துவிட்டு வந்தார்கள்.