வேலூரில் சொல்லாமல் வந்தது

மார்க்கையன்கோட்டையில் கோட்டைச்சாமியைப் பற்றிப் பேச்செடுத்தால், "பொண்டாட்டியைப் பேசவிட்டவன்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். பாதி கேலி, பாதி நிசம்.

சின்னமனூரில் கள்ளுக்கடை மறியலுக்குக் கூட்டம் போட்டிருந்த அன்று, மதுரையிலிருந்து வரவேண்டிய பேச்சாளரைப் போலீஸ் வழியிலேயே பிடித்துக்கொண்டது. சனம் கலையப் பார்த்தது. மொக்கம்மாள் புருசன் காதோரம் குனிந்து, "நான் ரெண்டு வார்த்தை சொல்லட்டுமா?" என்றாள். கோட்டைச்சாமி யோசிக்கவில்லை. அவள் இடுப்பிலிருந்த பிள்ளையை வாங்கிக்கொண்டு, அவளை மாட்டுவண்டி மேல் ஏற்றிவிட்டான். ரெண்டு வார்த்தை என்றவள் பொழுது சாயும்வரை பேசினாள். குடித்துவிட்டு வந்து அடிக்கிற ஆண்களின் பெயரைத்தான் சொல்லவில்லை, மற்றதெல்லாம் சொன்னாள். அழுத பெண்களும் உண்டு, நழுவிய ஆண்களும் உண்டு. இதெல்லாம் இவளுக்குள் எங்கே கிடந்தது என்று கோட்டைச்சாமி வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் அவளை நிறுத்த ஆளில்லை. முப்பத்தேழு தேர்தலில் ஜெயித்துச் சென்னைச் சட்டசபைக்குப் போனாள். தேனி, சின்னமனூர்ப் பள்ளத்தாக்கிலிருந்து அந்தப் படியேறிய முதல் பொம்பளை. மகள் பேச்சி ஊரில் தகப்பனோடு இருந்தாள். அவளுக்குத் தலை சீவிச் சடை பின்னக் கோட்டைச்சாமியே பழகிக்கொண்டான்.

"அவ அங்கன சட்டம் போடுறா, இவன் இங்கன சடை போடுறான்" என்று டீக்கடையில் சிரித்தார்கள்.

"ரெண்டையும் ஒழுங்காப் போடணும்ல" என்று அவனும் சேர்ந்து சிரிப்பான். உள்ளுக்குள் அவனுக்குப் பெருமைதான்.

நாற்பத்திரண்டு ஆகஸ்டில், தடையை மீறித் தேனிச் சந்தையில் பேசினாள் என்று மொக்கம்மாளைப் பிடித்து வேலூர் பெண்கள் சிறையில் போட்டார்கள். ஆறு மாசத் தண்டனை. பேச்சிக்கு அப்போது பதினோரு வயசு.

கார்த்திகையில் மழை விட்டதும் ஊருக்குள் குளிர்காய்ச்சல் வந்தது. பேச்சியும் படுத்தாள். நாள் விட்டு நாள் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. பின்னுவதற்கு ஒன்றுமில்லை.

"கொயினா மாத்திரை கொடுத்தாச் சரியாகும்ண்ணே. ஆனா அது வர்ற தீவைச் சப்பான்காரன் பிடிச்சுட்டான். இருக்கிறதெல்லாம் பட்டாளத்துக்குப் போகுது" என்றான் கம்பவுண்டர் இஞ்ஞாசிமுத்து. கொஞ்சம் தயங்கி, "ஜெயில்ல சொல்லி அவுகளக் கூட்டியாங்க. சொணங்காதீக" என்றான்.

கோட்டைச்சாமி பிள்ளையைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டான். போடி ரயிலின் தண்டவாளத்தை யுத்தத்துக்கு இரும்பு வேண்டும் என்று பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். பெட்ரோல் கிடைக்காமல் அடுப்புக் கரியில் ஓடிய கரி பஸ்ஸில் முக்கி முனகி மதுரை போய், அங்கிருந்து ரயிலேறி வேலூர் போய்ச் சேர்ந்தான்.

சிறை அதிகாரி ஒரு காகிதத்தைக் காட்டினார். "இனிமே அரசியல் பக்கம் போகமாட்டேன்னு இதுல உம்ம சம்சாரம் ஒரு கையெழுத்துப் போட்டா, இன்னிக்கே கூட்டிட்டுப் போகலாம். பிள்ளை விசயத்தை நீரே சொல்லும்."

கம்பிக்கு அந்தப் பக்கம் மொக்கம்மாள் வந்து நின்றாள். மெலிந்திருந்தாள். கண்ணில் மட்டும் வெளிச்சம் குறையவில்லை.

"பேச்சி எப்படி இருக்கா?"

அவன் வாயைத் திறந்தான். ஏன் அப்படிச் சொன்னாய் என்று அந்த நேரத்தில் யாராவது கேட்டிருந்தால் அவனுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

"நல்லா இருக்கா."

"சடை இன்னும் நீங்கதான் பின்னுறீகளா?"

"நான்தான். முடி இடுப்புக்கு வந்துருச்சு."

அவள் சிரித்தாள். அவன் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே நின்றான். நேரம் முடிந்தது என்றார்கள்.

திரும்பி வந்து வீட்டுப் படியேறியபோது பாயில் கிடந்த பேச்சி தலையைத் தூக்கினாள். "ஆத்தா வந்துருச்சா ஐயா?"

"பின்னால வருது தாயி."

அவள் வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பொங்கலுக்கு முன்னால் ஒரு விடிகாலையில் போய்ச் சேர்ந்தாள். கோட்டைச்சாமி வேலூருக்கு ஒன்றும் எழுதவில்லை.

மாசியில் மொக்கம்மாள் விடுதலையாகித் தேனியில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். ஊர்வலத்துக்குத் தடை இருந்தும் மாலையோடு கூட்டம் திரண்டிருந்தது. கழுத்து நிறைய மாலையோடு அவள் கூட்டத்துக்குள் கண்ணால் துழாவினாள். புருசனைக் கண்டதும் அவன் பக்கத்தில் தேடினாள். பிறகு அவன் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"பேச்சி எங்கங்க? பள்ளிக்கூடமா?"

விசயம் தெரிந்தவர்கள் கோசத்தை நிறுத்தினார்கள். தெரியாதவர்கள் "மொக்கம்மாளுக்கு ஜே" என்று இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் முகத்தைப் பார்த்தே அவள் தெரிந்துகொண்டாள். மாலைகளோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் ஒன்றே ஒன்று கேட்டாள். "நீங்க வேலூர் வந்தப்பவே காய்ச்சலா?"

"ஆமா."

கொஞ்ச நாளில் பொது வேலை என்று சென்னைக்குக் கிளம்பிவிட்டாள். அதன்பிறகு அந்த வீட்டுக்கு விருந்தாளி போல வந்துதான் போனாள்.

ஊர் இதற்கு ஒரு கதை கட்டியது. நாட்டுக்காகப் போன மனைவி கலங்கிக் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாதே என்று, சாகக்கிடந்த மகளைக்கூட மறைத்த மகராசன் கோட்டைச்சாமி என்று மேடைக்கு மேடை பேசினார்கள். அவனுக்கும் மாலை போட்டார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

நாற்பத்தாறில், நாட்டுக்கே சட்டம் எழுதுகிற டில்லி சபைக்கு மொக்கம்மாளைத் தேர்ந்தெடுத்தார்கள். வழியனுப்பச் சின்னமனூரில் பெரிய கூட்டம். அங்கேயும் ஒருவர் அதே கதையை உருகி உருகிச் சொன்னார். கூட்டம் முடிந்ததும் அவள் மார்க்கையன்கோட்டைக்கு வந்தாள். கோட்டைச்சாமி சோறு போட்டான். தட்டில் கை வைக்காமல் அவனைப் பார்த்தாள்.

"அவுக சொல்றது நிசமா? நான் கையெழுத்துப் போட்டுருவேன்னு பயந்தா மறைச்சீக?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஊரே எடுத்துக் கொடுத்திருந்த பதில்.

"இல்ல புள்ள" என்றான். "பிள்ளை சாகக் கெடக்குன்னு சொல்லியும், போடமாட்டேன்னு நீ சொல்லிட்டா? அதக் கேட்டுட்டு வந்து உன்கூட நான் எப்படி இருப்பேன்? அதுக்குத்தான் பயந்தேன். உன்ன இழக்கக் கூடாதுன்னு பிள்ளைய விட்டுட்டேன்."

மொக்கம்மாள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"போட்டிருப்பேன்" என்றாள். "போட்டிருப்பேன்னுதான் எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருக்கேன். நீங்க கேட்டிருந்தா, நான் எப்பேர்ப்பட்டவள்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும். இப்ப, சாகுற வரைக்கும் தெரியாது. ஆயிரம் பேரு என்னைத் தாயிங்கிறாக. அந்த வார்த்தையக் கேக்கறப்பெல்லாம், நான் தாயான்னு எனக்கே தெரியல."

அவன் அவள் கையைப் பிடிக்கப் போனான். அவள் தடுக்கவில்லை, ஆனால் அந்தக் கை அவன் கைக்குள் உயிரில்லாமல் கிடந்தது. ரெண்டு பேரும் அழுதார்கள். ஒருவர் அழுகையை ஒருவர் ஆற்ற முடியவில்லை.

மறுநாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது, "நீங்களும் டில்லிக்கு வாங்களேன்" என்றாள்.

அவள் மனசாரத்தான் கேட்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. வந்தால் தினமும் ஒருவர் முகத்தில் ஒருவர் பேச்சியைப் பார்க்கவேண்டியிருக்கும் என்பதும் தெரிந்தது.

"நடவு கெடக்கு" என்றான்.

அவள் தலையாட்டினாள். மறுபடி கேட்கவில்லை. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சுற்றி நின்றவர்கள் கோசம் போட்டார்கள். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

அன்று வாய்க்காலில் அவன் முறை. கோட்டைச்சாமி வயலுக்குப் போய் மடையைத் திறந்துவிட்டு, தண்ணீர் பாய்கிறதைப் பார்த்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தான்.