இருபது தினார் டெஸ்லா

...கொடுத்துவிட வேண்டியதுதான், இன்றைக்கே, பொத்தான் டப்பாவிலிருந்து காசை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டால் முடிந்தது, இதற்குப் போய் என்ன யோசனை என்று தெசாங்கா காப்பி அடுப்பைத் தணித்தாள், வாசலில் பக்கத்து வீட்டு யோசோ பூட்ஸிலிருந்த சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தார், சனிக்கிழமை தவறாத மனிதர், நாளைக்கு ஜெர்மனியில் மகள் வீட்டுக்குப் போகிறார், பனிக்காலம் முழுக்க அங்கேதான்... திரும்பி வருவாரா? இந்த வயதில் யாரால் சொல்ல முடியும். போர் முடிந்து அவள் இந்த வீட்டுக்குத் திரும்பிய பிறகும் பல வருஷம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தலையை மட்டும் அசைத்தவர், அவர் குரோட், அவள் செர்ப், போரில் எதிரெதிர்ப் பக்கம், அதற்குமேல் பேச என்ன இருந்தது, ஒருநாள் அவராகவே வேலிக்கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார், "உங்க தங்கச்சி செர்பியாவுலதானே இருக்காங்க? விஞ்ஞானி டெஸ்லா பிறந்து நூத்தம்பது வருஷம் ஆனதுக்கு அங்க இருபது தினார் காசு விட்டாங்க. டெஸ்லா காசுல என்கிட்ட அது மட்டும் இல்ல." டெஸ்லா முகம் போட்ட வெள்ளிக்காசு, ஐம்பது யூரோ சென்ட், எல்லாம் வைத்திருந்தார், டெஸ்லா பிறந்த ஊர் இதே குரோஷியாவில், மலைக்கு அந்தப் பக்கம்தான், அதனால் ஏதோ சொந்தக்காரரைப் போலப் பேசுவார். "செர்ப் வீட்டுப் பிள்ளைக்கு நீங்க ஏன் இப்படி அலையறீங்க?" என்று சீண்டினால், "மண்ணு எங்களுது, தெசா" என்பார், சிரிக்காமல். தங்கை நெவென்கா அடுத்த ஈஸ்டருக்கே காசைக் கொண்டுவந்துவிட்டாள். ஆனால் காசு வந்ததா என்று கேட்கத்தான் சனிக்கிழமைதோறும் வந்துகொண்டிருந்தார், அப்படி அவர் வந்து கேட்டபோது வாய் தானாகவே "கிடைக்கலையாம்" என்றது, ஏன் அப்படிச் சொன்னாள்... காசு கிடைத்துவிட்டால் அப்புறம் எதற்கு வருவார்?

இப்போது காசு மேசைமேல் இருந்தது, அவள் காப்பியை ஊற்றினாள். "எப்ப வந்துச்சு?" என்றார். "போன வாரம்." நம்பினாரா? காசை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும், முகத்தில் விரல் ரேகை பட்டால் கெட்டுவிடும் என்று அவளுக்கே எத்தனையோ முறை சொன்னவர் கட்டைவிரலை டெஸ்லாவின் முகத்திலேயே வைத்து எடுத்தார், கண்ணாடி போட்டுப் பார்க்கவில்லை, துணியில் சுற்றவில்லை, சாவிக்கொத்து கிடந்த கால்சட்டைப் பைக்குள் அப்படியே போட்டுக்கொண்டார். "சர்க்கரை கம்மி," என்றார். "இதுக்கே நன்றி சொல்லுங்க." "வசந்தத்துல வந்து சொல்றேன்." வேலிக்கதவு வரைக்கும் சாவியும் காசும் உரசும் சத்தம் கேட்டது, ஆசைப்பட்ட காசை யாராவது அப்படிப் போடுவார்களா, ஒருவேளை அவரிடம் ஏற்கெனவே ஒன்று... எப்போதிலிருந்து? கூப்பிட்டுக் கேட்கலாம், இன்னும் கூப்பிடு தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தார், அவள் கூப்பிடவில்லை, அப்படியென்றால் இத்தனை சனிக்கிழமைகளும்...