அழாத பிள்ளை

குழந்தைகள் காப்பகத்தில் அவள் ஆயா. இருபது பிள்ளைகளுக்குச் சோறூட்டி, மூக்கைத் துடைத்து, தோளில் போட்டுத் தூங்க வைப்பாள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்களே, அதை வேதவாக்காக நம்பியவள். அவள் மகளும் வளர்ந்தாள், பூட்டிய வீட்டுக்குள்.

மூன்று வயதிலிருந்து அப்படித்தான். கட்டியவன் ஓடிவிட்டான். காப்பகத்திலோ வேலைக்காரர்களின் பிள்ளைகளைச் சேர்க்க மாட்டார்கள். ரொட்டிப் பொட்டலம், மூடி தளர்த்திய தண்ணீர் பாட்டில், ஒரு வாளி, அழுகை வெளியே கேட்காதபடி அலறும் ரேடியோ. இதுவரைக்கும் அவளைக் குற்றம் சொல்ல வாய் வராது. ஆனால் வேலை முடிந்த பிறகும் தோழிகளோடு சினிமா, கடைவீதி என்று சுற்றிவிட்டு வந்தாளே, அதை என்னவென்று சொல்வது? என் பெண் தங்கம், அழவே மாட்டாள் என்று பெருமை வேறு.

அந்தத் தங்கத்துக்கு இப்போது பதினைந்து வயது. போன வருடம் பள்ளிப் படிக்கட்டில் ஒருத்தி விழுந்து மண்டை உடைந்து கிடந்தபோது, இவள் அவளைத் தாண்டிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாளாம். டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். வீட்டில் கேட்டதற்கு மகள் நிதானமாகப் பதில் சொன்னாள்.

"கத்திக்கிட்டு இருந்தா. தானா நிறுத்திடுவான்னு வந்துட்டேன்."

ஆயா அதை அத்தோடு விட்டுவிட்டாள்.

போன மாதம் காப்பகக் குளியலறையில் வழுக்கி விழுந்து ஆயாவின் தொடையெலும்பு முறிந்தது. ஆறு வாரம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. விடுமுறை முழுக்க மகள் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டாள். எதிர்வீட்டு அத்தை புகழ்ந்து மாளவில்லை.

பள்ளி திறந்த அன்று காலை, மகள் கட்டிலருகே ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தாள். ரொட்டி. மூடி தளர்த்திய தண்ணீர் பாட்டில். அப்புறம் வாளி. இறங்கவே முடியாதவளுக்கு எதற்கு வாளி? போனையாவது கையில் கொடு என்று ஆயா கெஞ்சினாள். மகள் அதை எட்டாத அலமாரியில் வைத்துவிட்டு, போர்வையைப் பாசமாகவே இழுத்துவிட்டாள்.

"நீ மூணு நாள் கத்துவேம்மா. அப்புறம் பழகிடும். எனக்கும் அப்படித்தான்."

எப்போது வருவாய் என்று ஆயா கேட்டாள். ரேடியோ அலறியது. வெளியே பூட்டு விழுந்தது.

முதல் நாள் தொண்டை கட்டும்வரை ஆயா கத்தினாள். இரண்டாம் நாளும் கத்தினாள். மகள் இருட்டிய பிறகு வந்து, ஒரு வார்த்தை கடிந்துகொள்ளாமல் நனைந்த விரிப்பை மாற்றினாள்.

நான்காம் நாள் அவள் கதவைத் திறந்து ரேடியோவை நிறுத்திய நேரத்தில் எதிர்வீட்டு அத்தை வாசலில் வந்து நின்றாள். பகலெல்லாம் பாட்டு ஓடுகிறதே, அம்மாவுக்கு வலி குறைந்துவிட்டதா என்று விசாரித்தாள். இதை விட்டால் வேறு சமயம் கிடைக்காது. ஆயா வாயைத் திறந்தாள். மகள் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். சாவி இன்னும் அவள் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது. அத்தை சற்று நேரத்தில் போய்விடுவாள், நாளைக் காலை மறுபடியும் விடியும். ஆயாவின் வாய் தானாக மூடிக்கொண்டது.

"அம்மா தங்கம், அத்தை," என்றாள் மகள். "அழவே மாட்டாங்க."