வாய் திறக்காத மாவேலி

அய்யாக்குட்டியின் வாய் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் அவருடைய லாட்ஜ். வந்திறங்கும் ஆள் சாவியை வாங்குவதற்குள் சாரல், எண்ணெய்க் குளியல், அய்யாக்குட்டியின் கல்யாணக் கதை எல்லாம் கேட்டாக வேண்டும்.

மனைவி முப்பிடாதியம்மாளுக்கு அந்த லாட்ஜைக் கண்டாலே ஆகாது. "லாட்ஜாம் லாட்ஜு, மாட்டுத் தொழுவம்! வித்துப்போட்டு மெட்ராஸுல மவன் வீட்டுக்குப் போவோம்" என்று தினமும் நச்சரிப்பாள்.

எழுபத்தெட்டாம் வருஷம், சீசன் ஓய்ந்த ஆவணியில், வருஷம் தவறாமல் வந்து தங்கும் மலையாளத்துத் தேங்காய் வியாபாரி குறுப்பு இருவரையும் ஓணத்துக்கு அழைத்தார். செங்கோட்டையில் ரயிலேறி, கொல்லத்துக்கு முன்னால் இறங்கி, வள்ளத்தில் காயலைக் கடந்தால் அவருடைய தீவு. வாசலுக்கு வாசல் பூக்கோலம். "இது என்ன பூ, அது எதுக்கு" என்று கேட்டுக் கேட்டே அய்யாக்குட்டி தீவை ஒரு வழி பண்ணிவிட்டார்.

ஓணத்தன்று மகாபலியான மாவேலி ராஜா வீடு வீடாகப் போய்த் தன் குடிகளைப் பார்ப்பார். அந்த வருஷம் வேஷம் கட்டுகிறவருக்குக் காய்ச்சல். குறுப்பின் கண் அய்யாக்குட்டியின் தொந்தியிலும் மீசையிலும் போய் நின்றது.

"அண்ணாச்சி, நிங்கள் மதி, நிங்களே போதும். ஒண்ணு மட்டும். கடைசி வீடு பார்த்து வள்ளத்துல ஏறுற வரைக்கும் மாவேலி பேசக் கூடாது."

முப்பிடாதியம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். "இவுகளா? பேசாம இருந்துட்டீயன்னா லாட்ஜை விக்கச் சொல்லி இனிமே கேக்க மாட்டேன். வாயத் திறந்தீயன்னா மெட்ராஸுக்குப் பொட்டி கட்டணும். சம்மதமா?"

அய்யாக்குட்டி சம்மதித்தார்.

தலையில் கிரீடம், கையில் ஓலைக்குடை. பிள்ளைகள் தொந்தியைக் கிள்ளிப் பார்த்தார்கள். ஒரு வீட்டில் களிமண்ணில் கூம்பு கூம்பாகப் பிடித்துவைத்து, அதற்குப் பூச்சூட்டியிருந்தார்கள். அது என்னவென்று கேட்கத் துடித்த நாக்கைப் பல்லுக்குள் வைத்துக் கடித்துக்கொண்டார். அவர் வாயையே பார்த்தபடி பின்னால் வந்தாள் மனைவி.

கடைசி வீட்டுக்காரர் குற்றாலம் போய் வந்தவர். வேஷத்துக்குள் இருப்பது யாரென்று தெரியாமல், மாவேலிக்குப் பாயசம் கொடுத்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் அளக்க ஆரம்பித்தார். "அய்யாக்குட்டி லாட்ஜுனு ஒண்ணு. மாட்டுத் தொழுவம்! வெந்நீர்கூட புகை நாறும்."

அய்யாக்குட்டிக்கு முகம் ரத்தமாகச் சிவந்தது. மீசை துடித்தது. உதட்டை இறுக்கிக்கொண்டு பாயசத்தை விழுங்கினார்.

"என்னவே சொன்னீரு?"

கேட்டது முப்பிடாதியம்மாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள். "விடியுமுன்ன எந்திரிச்சு, சாரல்ல நனைஞ்ச விறகை ஊதி ஊதி ஒமக்கு வெந்நீர் போட்டது நான்வே! ஈர விறகு புகையத்தான் செய்யும். எங்க லாட்ஜை நான் தொழுவம்னு சொல்லுவேன், ஆயிரம் சொல்லுவேன். நீரு யாருவே சொல்லுததுக்கு?"

குறுப்பு மெதுவாக இருவரையும் படித்துறைக்கு அழைத்து வந்து வள்ளத்தில் ஏற்றினார். தூறல் போட்டது.

"அதான் ஏறியாச்சுல்லா. பேசுங்களேன்" என்றாள் அவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அவருக்குப் பேச்சு வரவில்லை. ஓலைக்குடையை அவள் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார்.